கால்பூட்டை அவிழ்க்கச் சரியான வழி எது?



படிப்புக்காகவும் வேலைக்காகவும் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பும் நம் இளைஞர்களுள் சிலர், அங்கே பிரேசிலிய ஜியு ஜிட்சு என்னும் மல்லுக்கலையைப் பழகுகின்றனர். ஊர் திரும்பியபின் அவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. மல்லாந்து கிடக்கும் எதிராளி தன் இரு கால்களாலும் நம் இடுப்பை வளைத்துப் பூட்டிக்கொண்டால், அதை மண்டியிட்டபடியே அவிழ்ப்பதா, எழுந்து நின்று அவிழ்ப்பதா? இரு தரப்பினரும் தத்தம் பயிற்சியாளரைச் சான்றுக்கு அழைக்கின்றனர். கைப்பேசியில் காணொளிகளைக் காட்டுகின்றனர். சில வேளை குரலும் உயர்ந்துவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு இது விளங்காத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் நம் பிள்ளைகளின் கழுத்தும் முதுகெலும்பும் அடங்கியிருக்கின்றன. நெருக்கடியில் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைப் பற்றி நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம்.

மல்லும் மார்க்கமும்

மல்யுத்தம் நமக்கு அந்நியமானதன்று. பல்லவர் தலைநகராக விளங்கிய இந்தக் காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன், மாமல்லன் என்ற பட்டப்பெயராலேயே இன்றும் அறியப்படுகிறார். மாமல்லபுரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் ஒருவர் போட்டியில் இறங்குவதைக் 'கோதாவில் இறங்கினார்' என்கிறோம். கோதா என்பது குஸ்தி நடக்கும் களம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகானா என்னும் மல்லரோடு மல்லுக்கட்டி அவரை வீழ்த்தியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று இமாம் திர்மிதி அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது, வயது குறைந்த ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைத்ததைக் கண்ட ஸமுரா (ரலி), தம்மால் அவரை மல்லில் வீழ்த்த முடியும் என்று முறையிட்டு, அவ்வாறே வீழ்த்தி அனுமதி பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறுபுறம், பிறரை மல்லில் வீழ்த்துபவரைவிடக் கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே உண்மையான வலிமையாளர் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஆதாரபூர்வமாக இடம்பெற்றுள்ளது. மல் ஆகுமானது, ஆனால் அதைவிட உயர்ந்த வலிமை ஒன்று உண்டு. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜியு ஜிட்சு வந்த வழி நெடியது. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலில் கால்வைத்தார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தினர் கற்றனர். தரையில் கிடந்து போராடும் பகுதியை அவர்கள் தனிக்கலையாகவே வளர்த்தெடுத்தனர். 1998-இல் அபுதாபியில் ஏடிசிசி போட்டி தொடங்கியது. 2008 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் இக்கலை பாடமாயிற்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாக ஜியு ஜிட்சு சேர்க்கப்பட்டது. வளைகுடாவில் வேலைபார்க்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இது பள்ளிப் பாடமாகவே அறிமுகமாகியிருக்கும்.

கீழே கிடப்பவன் தோற்றவனா?

நம் ஊர்க் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்ற கேலி பிறந்ததும் இந்தக் கண்ணோட்டத்திலிருந்துதான். ஜியு ஜிட்சுவில் கணக்கு வேறு. மல்லாந்து கிடப்பதும் ஒரு போர்நிலையே. கீழே கிடப்பவர் எதிராளியின் இடுப்பைத் தம் கால்களால் சுற்றி, அவர் முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைப் பின்னிக்கொள்வதைக் 'குளோஸ்டு கார்டு' என்கின்றனர். நாம் இங்கே அதைக் கால்பூட்டு என்று அழைப்போம்.

பார்ப்பவர் கண்ணுக்கு மேலே இருப்பவரே வெல்வதுபோல் தோன்றும். உண்மையில் அவர் இடுப்பு கட்டுண்டிருக்கிறது. அவரால் முன்னேறவும் இயலாது, விலகவும் இயலாது. கீழே இருப்பவருக்கோ இரண்டு கைகளும் ஓய்வாக உள்ளன. கால்களால் இழுத்து மேலே இருப்பவரைக் குனிய வைத்துவிட்டால், கைமுட்டியை நீட்டி முறிக்கும் பிடி, தோளைத் திருகும் பிடி, சட்டைக் கழுத்துப்பட்டியால் நெரிக்கும் பிடி, கால்களை முக்கோணமாக மடித்துக் கழுத்தை நெரிக்கும் பிடி எனப் பல அபாயங்கள் அடுத்தடுத்துக் காத்திருக்கின்றன.

1994 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த நான்காவது யுஎஃப்சி போட்டியின் இறுதி ஆட்டம் இதற்கு நல்ல சான்று. டேன் செவர்ன் என்னும் மல்யுத்த வீரர், தம்மைவிட மிகவும் எடை குறைந்த ராய்ஸ் கிரேசியைக் கீழே தள்ளி, ஏறத்தாழப் பதினைந்து நிமிடம் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருந்தார். அரங்கம் முழுவதும் கிரேசி தோற்கிறார் என்றே எண்ணியிருக்கும். கடைசியில் கீழே கிடந்தவரின் கால்கள் செவர்னின் கழுத்தை முக்கோணமாகப் பூட்டின. செவர்ன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். மேலே இருப்பது வேறு, வெளியேறத் தெரிந்திருப்பது வேறு என்பதை அந்த ஆட்டம் உலகுக்குக் காட்டியது.

அடைத்துக்கொண்டு கிடப்பவரை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் துணைக்கண்டத்திலும் சான்று உண்டு. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில், காமா பயில்வான் என்று புகழ்பெற்ற குலாம் முஹம்மது, போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். ஸ்பிஸ்கோ தொடக்கத்திலேயே தரையில் படிந்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக எழ மறுத்துக் கிடந்தார். உலகையே வியக்க வைத்த காமாவின் வலிமையாலும் அவரைப் புரட்ட இயலவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார். அங்கே ஸ்பிஸ்கோ குப்புறக் கிடந்தார். அது கால்பூட்டு அன்று. எனினும், இறுக மூடிக்கொண்டவரை வெறும் பலத்தால் திறக்க முடியாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இரு தரப்பின் வாதங்கள்

மண்டியிட்டு அவிழ்க்கும் முறையை முதலில் பார்ப்போம். முதுகை நிமிர்த்தி, தலையை உயர்த்தி, ஒரு கையால் எதிராளியின் சட்டையை மார்பருகே இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து, மறு கையை அவர் இடுப்பில் ஊன்ற வேண்டும். முழங்கைகள் உடலை விட்டு விலகக் கூடாது. பின்னர் ஒரு முழங்காலை அவருடைய பிட்டத்தின் நடுவே ஆப்புப்போல் வைத்து, மறு காலைப் பின்னோக்கிச் சாய்வாக நீட்டி, உடலைப் பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கணுக்கால் பின்னல் மெல்லத் தளரும். இம்முறையை ஆதரிப்போர், தரையோடு ஒட்டியிருப்பதால் சமநிலை குலையாது என்கின்றனர். கால் மூட்டு பலவீனமானவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் இது ஏற்றது என்றும், பொறுமையைக் கற்பிக்கிறது என்றும் சொல்கின்றனர்.

எழுந்து நிற்கும் முறையில், முதலில் எதிராளியின் ஒரு சட்டைக்கையைப் பிடித்து அவர் வயிற்றோடு அழுத்த வேண்டும். கையை அழுத்திய அதே பக்கத்துக் காலை முதலில் ஊன்ற வேண்டும். அப்போதுதான் அவரால் அக்காலை வளைத்துப் பிடிக்க முடியாது. பிறகு மறு காலையும் ஊன்றி, இடுப்பை முன்தள்ளி நிமிர வேண்டும். இப்போது கீழே இருப்பவர் தம் உடல் எடையைத் தாமே சுமந்து தொங்குகிறார். அவர் முழங்காலைக் கையால் கீழ்நோக்கி அழுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும். பூமியின் ஈர்ப்பே நமக்காக வேலை செய்கிறது என்பதும், நெரிக்கும் பிடிகளிலிருந்து கழுத்து தொலைவில் இருக்கிறது என்பதும் இம்முறையை ஆதரிப்போரின் வாதம். பிடிப்பதற்குத் தடித்த சட்டையில்லாத போட்டிகளில், மண்டியிட்டு நிமிர்ந்திருக்கப் பற்றுக்கோடு குறைவு. அங்கே எழுந்து நிற்பதே மேல் என்றும் அவர்கள் சொல்வர்.

இரு முறைகளுக்கும் குறைகள் உண்டு. மண்டியிட்டிருப்பவரை மீண்டும் மீண்டும் கீழே இழுத்துக் குனிய வைக்கலாம். தப்பிக்க நெடுநேரம் ஆகும். எழுந்து நிற்பவரின் இரு கணுக்கால்களையும் கைகளால் பற்றி, இடுப்பை உயர்த்தித் தள்ளினால் அவர் பின்புறமாகச் சாய்வார். ஒரு கணத்தில் மேலிருந்தவர் கீழாகிவிடுவார்.

நம் முடிவு

பட்டுநூல் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இழுத்தால் இறுகும், இன்னும் இழுத்தால் அறுந்தே போகும். தறிக்காரர் முதலில் கையை நிறுத்துகிறார். சிக்கு எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்கிறார். பிறகே இழையைத் தொடுகிறார். கால்பூட்டுக்கும் முதல் விதி இதுவே. மண்டியா, நிற்பதா என்று கேட்பதற்கு முன்னால், நிமிர்ந்திருக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டும். முதுகு வளைந்து, தலை எதிராளியின் மார்பில் கிடக்கும்போது எந்த முறையும் பயன் தராது. இரு தரப்பாரும் காட்டும் காணொளிகளை ஊன்றிப் பாருங்கள். இரண்டிலும் முதல் சில நொடிகள் ஒன்றாகவே இருக்கும்: நிமிர்தல், எதிராளியின் கைப்பிடியை விடுவித்தல், இடுப்பைத் தன் வசமாக்கல். விவாதம் செய்வோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த நொடிகளைத்தான்.

அதன் பிறகு எதைத் தேர்வது என்றால், புதிதாகப் பழகும் இளைஞர்களுக்கு எழுந்து நிற்கும் முறையையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்வோம்.

முதலாவது, கழுத்தின் பாதுகாப்பு. மண்டியிட்ட நிலையில் பழகத் தொடங்குபவர், நிமிர்ந்திருக்கும் கலை கைவராத காலத்திலேயே நெரிபிடிகளுக்கு நடுவே நெடுநேரம் கிடக்க நேர்கிறது. அச்சத்தில் தலையால் முட்டுவதும் கழுத்தால் எதிர்த்துத் தள்ளுவதும் அப்போதுதான் நிகழ்கின்றன.

இரண்டாவது, தற்காப்பு. வெளியுலகில் ஒருவர் நம் பிள்ளையைத் தரையில் இழுத்துப் பூட்டினால், அவன் செய்ய வேண்டியது எழுந்து விலகிச் செல்வதுதான். எழுந்து நிற்கும் பழக்கம் உடலில் ஊறியிருந்தால், சண்டையை நீட்டாமல் முடித்துக்கொள்ள வழி பிறக்கும்.

மூன்றாவது, வலிமை குறைந்தவருக்கும் அது கைகொடுக்கும். ஈர்ப்பு விசை எல்லோருக்கும் ஒன்றே. மெலிந்த பிள்ளைகளும், பெண்கள் மட்டும் பயிலும் வகுப்புகளில் சேரும் நம் சகோதரிகளும், தம்மைவிடக் கனமானவரின் கால்களைத் தோள்பலத்தால் பிரிக்க முயன்று களைத்துப்போக வேண்டியதில்லை.

இதனால் மண்டியிடும் முறை தவறாகிவிடாது. மூட்டுவலி உள்ளவருக்கு அதுவே சிறந்தது. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் அமர்ந்து நெய்தவரின் இடுப்பும் முழங்காலும், கல்லூரி மாணவனின் உடல்போல் எழும்பும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. எதிராளி கணுக்காலைப் பற்றுவதில் வல்லவராக இருந்தால், நிற்பதே ஆபத்து. ஆகவே ஒன்றை முதலில் கற்க வேண்டும். மற்றொன்றையும் கற்றே தீர வேண்டும்.

விவாதத்துக்கு இடமில்லாதவை

இரு முறைகளுக்கிடையே கருத்து வேறுபாடு கொள்ளலாம். ஆனால் வேறு சில வழிகள் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. எதிராளியின் தலைக்குப் பின்னால் இரு கைகளையும் கோத்து, கழுத்தை அவர் மார்பை நோக்கி மடக்கி இழுப்பது அவற்றுள் ஒன்று. வலி தாங்காமல் அவர் கால்களைத் திறந்துவிடுவார் என்பதே அதன் நோக்கம். பூட்டு திறக்கக்கூடும், கழுத்தெலும்புகளுக்கிடையே நேரும் சேதம் வாழ்நாள் முழுவதும் தொடரவும் கூடும். மற்றொன்று, பூட்டியவரை அப்படியே தூக்கித் தரையில் மோதுவது. சர்வதேச பிரேசிலிய ஜியு ஜிட்சு கூட்டமைப்பின் விதிகள் இவ்வாறு மோதுவதைத் தடை செய்கின்றன. செய்தவர் போட்டியிலிருந்தே வெளியேற்றப்படுவார். தொடைச் சதையில் முழங்கையைக் குத்தி அழுத்துவது விதிப்படி குற்றமாகாது. எனினும் அதைச் செய்பவர் தாமே குனிந்து எதிராளியின் பிடிக்குள் தலையைக் கொடுக்கிறார். பழகிய எதிராளி அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பார்.

பயிற்சித் தோழர் நம் எதிரி அல்லர். அவர் தம் கழுத்தையும் கைமூட்டையும் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். தட்டியவுடன் விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அவர் நம்மோடு மேட்டில் இறங்குகிறார். அது ஓர் அமானிதம். அதை மீறி வெல்லும் வெற்றியில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். உதைக்கும் குத்துக்கும் இடமில்லாத இக்கலை அவ்வகையில் நமக்கு இசைவானதே. அந்த இசைவை நாமே கெடுத்துவிடக் கூடாது.

வேறுபடும்போது

விவாதத்தில் குரல் உயர்வதைப் பற்றியும் ஒரு சொல். பனூ குறைழாவின் இடத்தை அடைந்த பின்னரே அஸர் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். வழியிலேயே தொழுகை நேரம் வந்தது. விரைந்து செல்ல வேண்டும் என்பதே கட்டளையின் நோக்கம் என்று கருதிச் சிலர் வழியில் தொழுதனர். சொல்லின்படியே நடக்க வேண்டும் என்று சிலர் அங்கே சென்று தொழுதனர். நபி (ஸல்) அவர்கள் இரு சாராரில் எவரையும் கண்டிக்கவில்லை என்று புகாரியில் காண்கிறோம். தொழுகையின் நேரத்திலேயே இத்தகைய இடம் இருந்ததென்றால், முழங்காலை எங்கே ஊன்றுவது என்பதற்காக இரு நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வது முறைதானா?

கருத்தைச் சோதிக்க மேட் இருக்கிறது. மண்டியிடும் முறையை ஆதரிப்பவர், நிற்கும் முறையில் தேர்ந்தவரைப் பூட்டிப் பார்க்கட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும். பத்து நிமிடத்தில் இருவரும் தத்தம் முறையின் ஓட்டையைக் கண்டுகொள்வர். இக்கலையின் சிறப்பே அதில் பொய்ப் பெருமைக்கு இடமில்லை என்பதுதான். பூட்டு திறந்ததா இல்லையா என்பதை இருவருமே அறிவர்.

போதிதர்மர் காஞ்சியிலிருந்து சென்று சீனருக்குத் தற்காப்புக் கலை கற்பித்தார் என்ற பேச்சும், 2011-இல் வெளியான 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பின் நம் ஊர் இளைஞர்களின் வாதங்களில் புகுந்துகொள்கிறது. அவரைச் சண்டைக்கலையோடு இணைக்கும் செய்தி, அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு சீன நூலை ஒட்டிப் பரவியது என்பதே ஆய்வாளர் கருத்து. ஊர்ப்பெருமை ஒருவருக்குக் கால்பூட்டை அவிழ்த்துத் தராது.

பெற்றோருக்கு

பிள்ளைகளைச் சேர்க்குமுன் பயிற்சிக்கூடத்துக்கு நேரில் சென்று ஒரு வகுப்பை முழுவதும் பாருங்கள். கழுத்தை முறுக்கும் பிடிகளைப் புதியவர்களுக்கு அனுமதிக்கிறார்களா? தட்டியவுடன் விடுகிறார்களா? எடையிலும் வயதிலும் மிகவும் வேறுபட்டவர்களை மோதவிடுகிறார்களா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பயிற்சியாளரின் தரம் தெரிந்துவிடும்.

உடை முழங்கால் வரை மறைப்பதாக இருக்கட்டும். சட்டையும் முழுக்காற்சட்டையும் கொண்ட பயிற்சியுடை இதற்கு ஏற்றது. பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரும் தனி வகுப்பும் அமைந்தால் தயங்காமல் அனுப்புங்கள். குனிந்து வணங்கும் வழக்கம் இருந்தால், அதைத் தவிர்த்துக் கைகுலுக்கிக்கொள்வதாகப் பயிற்சியாளரிடம் பணிவுடன் சொல்லுங்கள். பல கூடங்களில் கைகுலுக்குவதே வழக்கம். மக்ரிபுத் தொழுகைக்குச் சில நிமிட இடைவெளி கேட்பதிலும் தயக்கம் வேண்டாம்.

இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று. வீட்டிலும் வேலையிலும் கால்பூட்டைப் போன்ற இறுக்கங்கள் வரும். கடன் இறுக்கும், மனத்தாங்கல் இறுக்கும். அப்போதும் முதலில் நிமிர்ந்திருங்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். எதிரில் இருப்பவரின் கழுத்தை முறிக்காமல் வெளியேறும் வழியைத் தேடுங்கள்.

வலிமையையும் அதை அடக்கி ஆளும் பொறுமையையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஒருசேர வழங்குவானாக! ஆமீன்.